கூடையில் இருந்த இரண்டாவது போன்

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை, என் மகள் அபியின் கையிலிருந்து சாயா கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. கிளாஸ் உடைவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கியபோது இடது கையால் பொறுக்கினாள். வலது கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"என்ன மோளே, கை சுட்டுப் போச்சா?" என்றாள் என் மனைவி புஷ்பம்.

"இல்லம்மா. பெருவிரல்ல ஒரு வலி. போயிரும்."

அது போகவில்லை. அந்த வலியில் தொடங்கியதுதான் நான் இங்கே எழுதப்போவது எல்லாம்.

நான் செல்வராஜ். கொச்சி மட்டாஞ்சேரியில் சாமான் ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறேன். பள்ளியில் பத்து வரை மலையாளத்தில் படித்தவன். தமிழ் எழுத்து நம் ஜெப சபைக்கு வந்து கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் செய்ததை எல்லோர் முன்னாலும் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நிற்க எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே தொண்டை அடைத்துவிடும். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன்.

அபிக்கு அப்போது பதினெட்டு வயது. வாலிபால் ஆடுகிறவள். அதில் அவள் செட்டர். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மேலே வரும் பந்தைப் பத்து விரல் நுனியிலும் வாங்கி, அடிக்கிறவளுக்கு வாகாக எடுத்துக் கொடுப்பவள்தான் செட்டர். பந்து கையில் தங்கவே கூடாது. பூவைத் தொட்டுவிட்டு விடுகிற மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பந்தின் பாரம் முழுக்க இறங்குவது இரண்டு பெருவிரல்களில்தான்.

பிளஸ் டூ முடிந்ததும் ஜூனில் கல்லூரித் தேர்வு ஆட்டம். அதில் எடுபட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் ஹாஸ்டலும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. அவள் மார்க்கை வைத்து வேறு வழியும் இல்லை. அந்த இரண்டு பெருவிரல்களை நம்பித்தான் நாங்கள் இருந்தோம்.

அவளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரை சாம் அண்ணன் என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயர் இல்லை. உண்மைப் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை. அவர் நம் சபைக்காரர். என்னைவிட மூத்தவர். சபை வாலிபர் கூட்டத்தில் பிள்ளைகள் பந்து தட்டி விளையாடியபோது அபியைக் கண்டுபிடித்தது அவர்தான். "செல்வா, உன் மக கையில கர்த்தர் ஒண்ணு வச்சிருக்காரு. அதை வீணாக்காதே" என்றார். கிளப்பில் சேர்த்தார். ஷூ வாங்கிக் கொடுத்தார். மழையில் ஆட்டோ ஓட்டமில்லாத நாட்களில் அவரே ஸ்கூட்டரில் வந்து அவளை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். என் குடும்ப ஜெபத்தில் என் அப்பா அம்மா பேருக்கு அடுத்து அவர் பேர் இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

வலி வந்த புதிதில் அவரிடம்தான் போனேன்.

"பந்து பிடிக்கிற பிள்ளைக்கு விரல் வலிக்காம பின்னே பல்லா வலிக்கும்?" என்று சிரித்தார். "டேப் சுத்திக் குடுக்கறேன். நீ வீட்ல முட்டு போட்டு ஜெபி. மத்தது என் பொறுப்பு."

டேப் சுற்றினார். புஷ்பம் இரவில் தைலம் தேய்த்தாள். சந்துக்குள் இருக்கும் வைத்தியர் மூலிகைக் கிழி கட்டி ஒத்தடம் வைத்தார். மார்ச் போனது. ஏப்ரலில் அபியால் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியவில்லை. தலை பின்ன அம்மாவைக் கூப்பிட்டாள். மணிக்கட்டில் பெருவிரல் தொடங்கும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஒரு நாள் மைதானத்திலிருந்து வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாள். "அப்பா, பந்து வர்றப்போ எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பந்துக்கு ஆசைப்பட்ட பிள்ளை பந்துக்குப் பயந்தது. நான் வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டேன்.

மே கடைசியில் நம் சபையின் ஏழு நாள் உபவாச ஜெபம் வந்தது. வேறு ஊரில் இதை வாசிப்பவர்களுக்காக எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். பொழுது சாயும்வரை சாப்பாடு கிடையாது. அதோடு போனும் கிடையாது. முதல் நாள் காலை எல்லோரும் அவரவர் போனை அணைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியில் முடிந்து, வாசலில் இருக்கும் பெரிய பிரம்புக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஏழாம் நாள் சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். அவசரம் என்றால் பாஸ்டர் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிடலாம். இந்தக் கூடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சத்தமாக ஜெபிக்க வராதவனுக்கு பாஸ்டர் கண்டுபிடித்துக் கொடுத்த ஊழியம் அது. எந்தத் துணி யாருடையது என்று எனக்கு அத்துப்படி. மஞ்சள் துவாலை தையல்கார அக்கா. கட்டம் போட்ட கைக்குட்டை பாஸ்டர். அபியுடையது, புஷ்பத்தின் கல்யாணச் சேலையில் கிழிந்துபோன பகுதியிலிருந்து வெட்டிய கருநீலத் துண்டு.

அந்த வருஷம் அபியின் முடிச்சு கனமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரண்டு போன்.

"இன்னொண்ணு யாருது?"

"டீம் போன் அப்பா. சார் குடுத்தது."

மேட்ச் விவரம் பேச சாம் அண்ணன் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். கூடையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் சாம் அண்ணன் வாசலுக்கு வந்தார். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் குந்தினார்.

"செல்வா, அபி முடிச்சுல என் போன் ஒண்ணு இருக்கு. எடுத்துக் குடு. வேலை எல்லாம் நின்னு கிடக்கு."

"ஏழாம் நாளு அண்ணா."

"எடா, அஞ்சு நிமிஷம்."

"பாஸ்டர் சொல்லட்டும் அண்ணா."

"கூடைக்குக் காவல் வச்சா நீ கோட்டைக்கே காவல் மாதிரி இருக்கியே" என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அந்த வாரம் நடந்ததைக் கவனமாக வாசியுங்கள். நானே கவனிக்காமல் விட்டது அது. தேர்வு ஆட்டம் நெருங்கியதால் அபி உபவாசத்திலும் பயிற்சியை விடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபம் முடித்து, கஞ்சி குடித்து, மைதானத்துக்குப் போய் எப்போதும்போலப் பந்து எடுத்தாள். ஆனால் நாளுக்கு நாள் வலி குறைந்தது. ஐந்தாம் நாள் தானே தலை பின்னிக்கொண்டாள். ஏழாம் நாள் வீக்கம் பாதி வடிந்திருந்தது.

அன்று சாட்சி நேரத்தில் அபி எழுந்தாள். என்னைப்போல அல்ல, அவளுக்குக் கூச்சம் கிடையாது. பெருவிரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "ஆண்டவர் எனக்குச் சுகம் குடுத்தாரு" என்றாள். சபை முழுக்கக் கை தட்டியது. சாம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாசலில் கூடை பக்கத்தில் இருந்தபடி அழுதேன்.

கூட்டம் முடிந்து போன்களைக் கொடுக்கத் தொடங்கியதும் முதலில் வந்தவர் சாம் அண்ணன். அபி உள்ளே அக்காமார் நடுவில் இருந்தாள். அவர் குனிந்து கருநீல முடிச்சைத் தானே எடுத்து, தானே அவிழ்த்தார். கறுப்புப் போனைப் பையில் போட்டுக்கொண்டு அபியுடையதை என் கையில் தந்தார். "ஏழு நாள் மெசேஜ் கிடக்கு. இதை நான் மைதானத்துல வச்சு அவகிட்டக் குடுத்துக்கறேன்" என்றார். சரி என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். வலி திரும்பி வந்தது. முன்னைவிட மோசமாக வந்தது. அபி சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். தேர்வுக்கு முன்னால் நடந்த ஒரு ஆட்டத்தில் பந்து அவள் விரல்களுக்கு நடுவே ஓடி முகத்தில் விழுந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சாம் அண்ணன் அவளை வெளியே எடுத்து, ஹரிதா என்ற இன்னொரு பிள்ளையை இறக்கினார். தேர்வுக்கும் ஹரிதாவே போகட்டும் என்று முடிவு செய்தார். எங்களிடம் வந்து சொல்லக்கூட இல்லை. அபி பஸ்ஸில் தனியாக வந்தாள்.

சபையிலும் பேச்சு மாறியது. சாட்சி சொன்ன பிறகு வியாதி திரும்பினால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று நம் மக்கள் நினைப்பார்கள். எனக்குத் தெரியும், நானும் பிறரைப் பற்றி இப்படிக் கேட்டிருக்கிறேன். தையல்கார அக்கா புஷ்பத்திடம், "வீட்ல ஏதாச்சும் மறைச்சு வச்சிருக்கீங்களா? ஆராய்ஞ்சு பாருங்க" என்றாள். கைதட்டிய அதே கைகள்தான். புஷ்பம் வீட்டுக்கு வந்து, அரிசிப் பானையைக்கூடத் திறந்து பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது நான் ஜெபித்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். தோப்பும்படிப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, ஆட்டோவுக்குள் இருந்துகொண்டு சொன்னேன். "குடுத்துட்டுப் பிடுங்கறதுக்கு எதுக்குக் குடுத்தீரு? எல்லாருக்கும் முன்னால என் பிள்ளையை எழுப்பி நிறுத்திட்டு இப்போ பொய்க்காரி ஆக்கிட்டீரே. மனுஷன் இப்படிச் செஞ்சா நாங்க சதின்னு சொல்லுவோம்." சொல்லிவிட்டுப் பயந்தேன். பிறகு, "எனக்குப் புரியல. புரியவைக்க ஒரு ஆளை அனுப்பும்" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

மறுநாள் இடப்பள்ளியிலிருந்து ஒரு லோடு. சிகிச்சைக்குப் படுக்கவைக்கும் கட்டில், தோல் போட்டது. போர்ட் கொச்சியில் புதிதாகத் திறக்கும் சின்ன கிளினிக்குக்கு. கட்டிலை இறக்கி உள்ளே வைத்தபோது என் விரல் இடுக்கில் மாட்டியது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அங்கிருந்த பெண், தலையில் தட்டம் என்கிற முக்காடு போட்ட நஸீமா டாக்டர், உடனே என் கையைப் பிடித்து விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சேட்டா" என்றார். அவர் ஆட்டக்காரர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறவர்.

எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. வாயில் வந்தது வேறு. "என் மகளுக்கு விரல் வலி" என்றேன். யாரிடமும் நானாகப் பேச்சை எடுக்காதவன் நான். அன்று எப்படி எடுத்தேன் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்.

"நாளைக்குக் கூட்டிட்டு வா" என்றார்.

மறுநாள் அபியை அந்தக் கட்டிலிலேயே உட்காரவைத்தார். பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடச் சொன்னார். மூடிய கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார். அபி அலறிவிட்டாள்.

"பெருவிரலை இழுக்கிற நார் ஒரு உறைக்குள்ள ஓடுது. அந்த உறை வீங்கி இறுகிப் போயிருக்கு" என்று மலையாளத்தில் விளக்கினார். "எப்பவாவது குறைஞ்சுதா மோளே?"

அபி என்னைப் பார்த்தாள். "உபவாசத்துல குறைஞ்சுது."

"அப்போ ஆட்டம் நிறுத்தினியா?"

"இல்ல டாக்டர். தினமும் ஆடினேன்."

"ஆடியும் குறைஞ்சுதா? அப்போ பந்து மட்டும் காரணம் இல்லையே. அந்த வாரம் வேற எதை நிறுத்தினே?"

அபி யோசித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்கும். ஏனென்றால் எனக்கும் அதே நொடியில் கூடை ஞாபகம் வந்தது.

"போன்" என்றாள்.

"எவ்வளவு நேரம் பாப்பே?"

"என் போன் கொஞ்சம்தான் டாக்டர். இன்னொரு போன் இருக்கு."

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. சாம் அண்ணனுக்கு விளையாட்டு ஜெர்சி அச்சடிக்கிற வியாபாரம் உண்டு. கேரளா முழுக்க ஆர்டர் வரும். எந்த அளவு, எந்த நிறம், முதுகில் என்ன பேர், எப்போது கிடைக்கும் என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அத்தனைக்கும் பதில் தட்டுவது அபி. மலையாளம் வேகமாக எழுதுவாள் என்று அவளிடம் அந்தப் போனைக் கொடுத்திருந்தார். பஸ்ஸில், இடைவேளையில், சாப்பாட்டில், ஒரு கையில் போனைப் பிடித்து அதே பெருவிரலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளை என்று நாங்கள் நினைத்தோம்.

"ஏன் மோளே எங்ககிட்டச் சொல்லல?"

"இது டீம் வேலைன்னு சார் சொன்னாரு அப்பா. செய்யறவளுக்குத்தான் செட்டர் இடம்னாரு. விரல் வலிக்குதுன்னு ஜனவரியிலயே சொன்னேன். அப்போ மத்த பெருவிரலால தட்டுன்னாரு."

ஜனவரி. நான் அவரிடம் போனது பிப்ரவரி. அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் சிரித்துக்கொண்டே டேப் சுற்றினார். முட்டு போட்டு ஜெபிக்கச் சொன்னார். பந்து முகத்தில் பட்டபோது எடுத்து ஓரமாக உட்காரவைத்தார். ஒரு அந்நியன் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். இது கோபம் இல்லை. நம் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டவர் செய்தது.

நஸீமா டாக்டர் வேலையைத் தொடங்கினார். பெருவிரல் அசையாதபடி ஒரு பட்டை. ஐஸ் ஒத்தடம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சி. "ரெண்டு மாசத்துக்குப் பந்தும் வேண்டாம், தட்டலும் வேண்டாம். இதே மாதிரி கையோட வர்ற ஆட்டக்காரப் பிள்ளைங்க உண்டு. எல்லாரும் பந்தைத்தான் திட்டுவாங்க. போனை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, புஷ்பம் சாம் அண்ணன் முன்னால் போய் நின்றாள். என்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, என் பிள்ளை கை உங்க போன்ல தட்டித் தட்டித்தான் போச்சு. நீங்க அறிஞ்சுகிட்டே விட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நிறுத்தியிருப்போமே."

பாஸ்டர் அருகில் வந்தார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சாம் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். நிதானமாகச் சொன்னார். "எந்தப் போன்? நான் ஒரு போனும் குடுக்கல. அபி எப்பப் பார்த்தாலும் போன்லதான் இருப்பா, அது நிஜம். யார்கிட்டப் பேசறான்னு நான் கேட்டதில்ல. வயசுக்கு வந்த பிள்ளை. அதை நீங்கதானே கேட்கணும்?"

அபி அங்கேயே நின்றிருந்தாள். கையில் பட்டையோடு. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்கூட்டரில் கூட்டிப்போன மனுஷனைத் தேடுகிறவள் மாதிரிப் பார்த்தாள்.

பேச ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை. கறுப்புப் போனை அவர் அதற்குள் அபியிடமிருந்து வாங்கி ஹரிதாவிடம் கொடுத்துவிட்டார். அக்காமார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் போனால் என் மகளுக்கு ஒரு பேர் வந்துவிடும். அது கை வலி மாதிரி ஆறாது.

"ஆண்டவரே" என்று உள்ளே ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். பிறகு என் குரலை நானே கேட்டேன்.

"கூடையில இருந்துச்சு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்தப் போன் கூடையில இருந்துச்சு. மூணாம் நாள் நீங்க வந்து, என் போன்னு கேட்டீங்க. நான் தரல. கோட்டைக் காவல்னு சிரிச்சீங்க. ஏழாம் நாள் நீங்களே எடுத்தீங்க. ஏழு நாள் மெசேஜ் கிடக்குன்னு சொன்னீங்க அண்ணா."

"கூடையில அம்பது போன் கிடக்கும். எது எவனுதுன்னு நீ கண்டியா?"

"கருநீலத் துணி. அவுத்தது நீங்க. கறுப்பை நீங்க எடுத்தீங்க, அபியோடதை என்கிட்டக் குடுத்தீங்க."

அங்கே யாரும் என் குரலை இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. தையல்கார அக்கா மெதுவாக, "ஆமா, அன்னைக்கு முதல்ல போனது சாம் அண்ணன்தான். நான் அவர் பின்னால நின்னேன்" என்றாள்.

சாம் அண்ணனின் முகம் கறுத்தது. "சபைக்குள்ள போலீஸ் வேலை பாக்கறியாடா?" என்றார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுபடியும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "பிரதர், இதை இங்கேயே விட்டுடுவோம். சபைப் பேர் கெட்டுடும்" என்றார். பாஸ்டர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அன்று அது எனக்கு இன்னொரு அடி. கெட்டது யாருடைய பேர் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் என் குரல் பழையபடி உள்ளே போய்விட்டது.

தேர்வு ஆட்டம் அபி இல்லாமல் முடிந்தது. அந்த வருஷம் கல்லூரி இல்லை. அவள் வீட்டில் இருந்தாள். பட்டன் போன் ஒன்று வாங்கினோம், அழைப்பு வந்தால் எடுக்க மட்டும். நாங்கள் சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. சில வாரங்கள் பாட்டில் என் உதடு மட்டும் அசைந்தது. என் மகளுக்குச் சுகம் கொடுத்ததாகச் சொன்ன ஆண்டவர் மேல் இருந்த மனஸ்தாபம்கூட முழுக்கப் போகவில்லை.

அதை மாற்றியது அபிதான். ஒரு நாள் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "அப்பா, நான் சொன்ன சாட்சி பொய் இல்லப்பா. ஆண்டவர் அந்த வாரமே பதில் சொல்லிட்டாரு. எதை எடுத்தா சரியாகும்னு எடுத்தே காட்டினாரு. நாமதான் கை தட்டிட்டு, மறுபடி அதையே கையில வாங்கினோம்."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கொடுத்துவிட்டுப் பிடுங்கியவர் அவர் இல்லை. அவர் எடுத்து வைத்ததை வாசலில் நின்று ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போய், மறுபடி அவள் கையில் கொடுத்தார். நான் மாதக்கணக்காகத் தவறான ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அபி இன்னொன்றும் செய்தாள். ஹரிதாவின் வீட்டுக்குப் போய், அவள் பெருவிரலைப் பிடித்து, டாக்டர் செய்த மாதிரியே கையை மூடச் சொல்லிச் சாய்த்துப் பார்த்தாள். ஹரிதாவுக்கும் வலித்தது. அவள் தன் அப்பாவோடு போய்க் கறுப்புப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பரில் டாக்டர் பட்டையைக் கழற்றினார். முதலில் பலூன். பிறகு லேசான பந்து. டிசம்பரில் உண்மையான பந்து. நஸீமா டாக்டரே திருப்பூணித்துறையில் ஒரு பயிற்சியாளர் அம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். அந்த அம்மாவின் மைதானத்தில் ஒரு ஆணிப் பலகை. வந்ததும் போனை அதில் தொங்கும் பையில் போட வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இந்த வருஷத் தேர்வுக்கு நானே பெட்டி ஆட்டோவில் கூட்டிப் போனேன். பார்க்கத் தைரியம் இல்லாமல் மதிலுக்கு வெளியே நின்றேன். ஆனால் செட்டர் எடுக்கும் பந்துக்குச் சத்தம் இருக்காது. அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். வெளியே நின்று அந்த அமைதிக்காகக் காது கொடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அது இருந்தது. அவளுக்கு இடம் கிடைத்தது. இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். கர்த்தருக்கு நன்றி. புரியவைக்க ஒரு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அனுப்பினார். சபைக்குள் தேடிக்கொண்டிருந்த எனக்கு, சபைக்கு வெளியிலிருந்து அனுப்பினார்.

சாம் அண்ணன் இப்போதும் சபைக்கு வருகிறார். எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறார். மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் உங்களுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் பொய்ச் சாட்சி எழுத மாட்டேன். தினமும் அவருக்காக ஜெபிக்கத் தொடங்குகிறேன். அவர் பேர் வரும் இடத்தில் வாய் நின்றுவிடுகிறது. மறுநாள் மறுபடி தொடங்குகிறேன். அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறேன்.

இந்த வருஷம் மே கடைசியில் மறுபடியும் ஏழு நாள் உபவாசம். வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு போனை எடுத்து நீட்டினார். ஒன்று அவருடையது. இன்னொன்று, கொடுக்கவே இல்லை என்று சொன்னாரே, அந்தக் கறுப்புப் போன். துணி கொண்டுவரவில்லை. நான் என் தோளில் இருந்த துண்டை எடுத்து, இரண்டையும் சேர்த்து முடிந்தேன். கொஞ்சம் இறுக்கமாகவே முடிந்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அன்பானவர்களே, நீங்கள் நம்பினவர் உங்களை விட்டுப் போயிருக்கலாம். கேட்டதைப் பெற்று, பெற்றதை இழந்து, சொன்ன சாட்சிக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். நீங்களும் ஆண்டவரிடமே கேளுங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே சொல்லுங்கள், என் மேல் அவர் கோபிக்கவில்லை. சுகம் வந்த அன்று கை தட்டுவதோடு நிற்காமல், அன்று உங்கள் கையில் எது இல்லை என்று ஒரு முறை பாருங்கள். பிள்ளைகள் வலிக்கிறது என்றால், ஜெபிப்பதற்கு முன்னும் ஜெபித்த பின்னும் அவர்கள் கையை எடுத்துப் பாருங்கள்.

கூடை எங்கள் சபை வாசலில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் நீங்களும் ஒரு துணி கொண்டுவாருங்கள். முடிந்து வாங்க நான் இருப்பேன்.